ரேபிஸ் வைரஸின் மரபணு மாற்றங்களைப் படிப்பது எப்படி: மூளை மாதிரியிலிருந்து வம்சாவளி வரை

நாய் கடித்து, ஊசியும் போட்டுக்கொண்ட ஒருவர் ரேபிஸில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் போதும், "வைரஸ் உருமாறிடுச்சு, இனிமே தடுப்பூசி எடுபடாது" என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பிவிடும். இந்தப் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இதை நம்பி ஊசியைத் தள்ளிப்போடுபவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அறிகுறி தொடங்கிவிட்ட ரேபிஸுக்கு இன்று வரை நம்பத்தக்க சிகிச்சை இல்லை.

ரேபிஸ் வைரஸ் மாறுவது உண்மைதான். ஆனால் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை வைரஸின் குணத்தைத் தொடுவதில்லை. அது எங்கிருந்து, எந்த விலங்கின் வழியாக வந்தது என்பதைத்தான் காட்டிக்கொடுக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் நாய்த் தடுப்பூசியை எங்கே போட வேண்டும் என்பதைக் கணித்துச் சொல்லலாம். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும், நோயறி ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதைப் படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன். மற்றவர்கள் ஆய்வக வேலை வரும் இடங்களைத் தாண்டிப் படித்தாலும் புரியும்.

முதலில் வைரஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரேபிஸ் வைரஸின் மரபுத்தொகுதி ஒற்றை இழை ஆர்.என்.ஏ. நீளம் சுமார் 12,000 எழுத்துகள் (ஆர்.என்.ஏ-வின் ஒவ்வொரு அடிப்படை அலகையும் ஓர் எழுத்து என்கிறோம்). அதில் ஐந்தே மரபணுக்கள்: என், பி, எம், ஜி, எல். வரிசையும் இதுதான். என் புரதம் ஆர்.என்.ஏ-வைச் சுற்றிப் போர்த்திக் காக்கிறது. பி புரதம் நகலெடுக்க உதவுவதோடு, வைரஸ் நுழைந்ததை அறிவிக்கும் உடலின் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையையும் அடக்குகிறது. எம் வைரஸுக்கு வடிவம் தருகிறது. ஜி வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் முள். நரம்புசெல்லைப் பிடிப்பதும் இதுதான், நம் எதிர்ப்புப் புரதங்கள் குறிவைப்பதும் இதைத்தான். எல் நகலெடுக்கும் நொதி. மரபுத்தொகுதியில் பாதிக்கு மேல் இடத்தை இந்த எல் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஜி-க்கும் எல்-லுக்கும் நடுவே எந்தப் புரதத்தையும் உருவாக்காத நீண்ட துண்டு ஒன்று உண்டு. பின்னால் அது உதவும்.

எல் நொதிக்குத் தான் எழுதியதைச் சரிபார்க்கும் திறன் கிடையாது. அதனால் நகலெடுக்கும்போது பிழைகள் விழுகின்றன. ஒரு நாயின் மூளையில் கோடிக்கணக்கில் நகல்கள் உருவாகும்போது, அங்கே இருப்பது ஒரே வைரஸ் அல்ல, சற்றே வேறுபட்ட உறவினர்களின் கூட்டம். பழைய ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டவர்கள் பாடபேதங்களை வைத்து எந்த ஏடு எந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டார்கள் அல்லவா, இங்கும் அதே வேலைதான். இரண்டு மாதிரிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், பெரும்பாலும் இரண்டுக்கும் மூலம் ஒன்று.

இதில் ஒரு வசதியும் உண்டு. இந்த வகை வைரஸ்கள் ஒன்றோடொன்று துண்டுகளை மாற்றிக்கொள்வது மிக அரிது. அதனால் வரையும் வம்சாவளி பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் கிளை பிரிந்து போகும்.

இவ்வளவு பிழை விழுந்தும் ஏன் பெரிதாக மாறுவதில்லை?

ஆர்.என்.ஏ வைரஸ்களில் ரேபிஸ் நிதானமாக மாறும் ரகம். ஓர் ஆண்டில் 10,000 எழுத்துகளுக்கு 1 முதல் 5 எழுத்து வரைதான் நிலையாக மாறுகிறது. பிழை குறைவாக விழுவதால் அல்ல, விழுந்த பிழைகளில் பெரும்பகுதி பிழைப்பதில்லை.

அந்த வைரஸ் கடக்க வேண்டிய பாதையைப் பாருங்கள். கடிவாயில் உமிழ்நீரோடு சிறிதளவு வைரஸ் இறங்குகிறது. அது தசையிலிருந்து நரம்பு நுனிக்குள் நுழைந்து, நாளுக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் வேகத்தில் நரம்பிழை வழியாகத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. மூளையில் பெருகி, மறுபடி நரம்பு வழியாகவே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வருகிறது. தசை, நரம்பு, மூளை, சுரப்பி என்று ஒவ்வொரு இடத்திலும் வேலை செய்ய வேண்டியது அதே ஐந்து புரதங்கள். ஒன்று கெட்டாலும் அடுத்த கடிக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் புரதத்தின் உருவை மாற்றும் பிழைகள் களைந்தெடுக்கப்படுகின்றன. புரதத்தை மாற்றாத பிழைகள், குறிப்பாக மும்மைக் குறியீட்டின் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துகள்) மூன்றாவது எழுத்தில் விழுபவை, தங்கிவிடுகின்றன. நாம் பின்தொடர்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

சூழலை மாற்றினால் கதை மாறும். லூயி பாஸ்டர் 1880-களில் தெருநாய் வைரஸை முயல் மூளையில் செலுத்தி, அந்த முயலின் மூளையிலிருந்து அடுத்த முயலுக்கு என்று தொடர்ந்து கடத்தினார். நோய் வெளிப்பட எடுக்கும் காலம் சுருங்கிக்கொண்டே வந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிலைத்தது. இப்படி நிலைத்ததைத்தான் இன்றும் 'நிலைப்படுத்திய வைரஸ்' என்கிறோம். தெருவில் உலவுவது 'தெரு வைரஸ்'. கடிவாய், உமிழ்நீர்ச் சுரப்பி என்ற தடைகளை எடுத்துவிட்டு மூளையை மட்டும் மிச்சம் வைத்தால், வைரஸ் அதற்கேற்ப மாறிவிடுகிறது.

இதற்கு இன்னொரு சாட்சி சி.வி.எஸ்-24 என்ற ஆய்வக வைரஸ். அதை எலி மூளையில் வளர்த்தால் ஒரு வகை மேலோங்குகிறது. பி.எச்.கே எனும் வெள்ளெலிச் சிறுநீரகச் செல்களில் வளர்த்தால் வேறொரு வகை மேலோங்குகிறது. இரண்டும் முதலிலிருந்தே அந்தக் கூட்டத்துக்குள் இருந்தவைதான். அடுத்து வரும் படிகளில் ஒரு கட்டளை இதிலிருந்து நேரடியாகப் பிறக்கிறது: வரிசைப்படுத்தப் போகும் (அதாவது எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தெடுக்கப் போகும்) மாதிரியை முதலில் எலியிலோ செல்லிலோ வளர்க்காதீர்கள். மூளைத் திசுவிலிருந்து நேரடியாக ஆர்.என்.ஏ எடுங்கள்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

எந்த மரபுக்கிளை என்று மட்டும் தெரிய வேண்டுமா? என் மரபணுவின் ஒரு துண்டு போதும். உலகெங்கும் அதிகம் வரிசைப்படுத்தப்பட்டது அதுதான், ஒப்பிட நிறைய கிடைக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கிளைகளைப் பிரிக்க வேண்டுமா? ஜி மரபணுவும், முன்பு சொன்ன ஜி-எல் இடைத்துண்டும் சேருங்கள். அந்த இடைத்துண்டில் கட்டுப்பாடு குறைவு, அதனால் மாற்றம் அதிகம் தங்கும். எந்த நாயிலிருந்து எந்த நாய்க்கு என்ற சங்கிலியைத் தேடுகிறீர்கள் என்றால் முழு மரபுத்தொகுதி இல்லாமல் முடியாது.

படி 2: மாதிரி எடுப்பது

தடுப்பூசி முன்கூட்டியே போட்டு, இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் மட்டும் இந்த வேலையைத் தொடலாம். கையுறை, முகமூடி, கண்ணாடி, முகத்தை மறைக்கும் தடுப்பு எல்லாம் கட்டாயம்.

மண்டையைத் திறந்து முகுளத்தையும் (மூளைத்தண்டின் அடிப்பகுதி) சிறுமூளையையும் எடுப்பதுதான் முறை. முகுளத்தின் முழுக் குறுக்குவெட்டு வேண்டும். வைரஸ் ஒரு பக்கமாக மட்டும் ஏறியிருக்கலாம், பாதி வெட்டை எடுத்தால் தவறவிடுவீர்கள். களத்தில் ரம்பமோ இடமோ இல்லாதபோது உறிஞ்சுகுழல் முறை கைகொடுக்கும். தலையைக் கழுத்தோடு சேரும் இடத்தில் பிரித்தால் மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் நுழையும் பெருந்துளை தெரியும். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை அந்தத் துளை வழியாக ஒரு கண்ணை நோக்கிச் செலுத்தி, மெல்லச் சுழற்றி வெளியே எடுத்தால், உள்ளே முகுளம், சிறுமூளையின் அடிப்பகுதி, அதற்கு மேலே உள்ள பகுதிகள் என்று வரிசையாக ஒரு திசுத் தண்டு வந்திருக்கும். முகுளம் குழலின் எந்த முனையில் இருக்கிறது என்று அப்போதே குறித்துவிடுங்கள், பிறகு அடையாளம் தெரியாது.

ஃபார்மலினில் போடாதீர்கள், ஆர்.என்.ஏ கெட்டுவிடும். குளிர்ப்பெட்டி இருந்தால் பனிக்கட்டியோடு அனுப்புங்கள். இல்லாவிட்டால் 50 சதவீத கிளிசரின் உப்புநீரில் வையுங்கள். ஆனால் கிளிசரின் வைரஸைக் கொல்லாது என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம், குறிப்பேடு. தேதி, ஊர், முடிந்தால் ஜி.பி.எஸ் புள்ளி, விலங்கு எது, வளர்ப்பா தெருவா, எங்கிருந்து கொண்டுவரப்பட்டது, யாரையெல்லாம் கடித்தது என்று எல்லாம் எழுதுங்கள். எவ்வளவு அருமையாக வரிசைப்படுத்தினாலும், இந்தத் தகவல்கள் இல்லாத மாதிரி வம்சாவளியில் ஊர் பேர் தெரியாத ஒரு கிளைநுனியாகத்தான் தொங்கும்.

படி 3: ரேபிஸ்தானா என்று உறுதி செய்தல்

கண்ணாடித் தகட்டில் திசுவை ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் நிலைப்படுத்தி, ஒளிரும் எதிர்ப்புப் புரதத்தை இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைதான் இன்றும் அடிப்படை. இருட்டில் ஆப்பிள் பச்சையாகப் புள்ளிகள் மின்னினால் நோய் உறுதி. அழுகிய திசுவில் இந்தச் சோதனை நம்பத்தக்கதல்ல. அங்கே வைரஸின் ஆர்.என்.ஏ-வைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் உதவும்.

பிசிஆரில் ஒரு பொறி இருக்கிறது. பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) ஒட்ட வேண்டிய இடத்திலேயே வைரஸ் மாறியிருந்தால், நோயுள்ள மாதிரியும் 'இல்லை' என்று வரும். உங்கள் வட்டாரத்து வரிசைகளோடு பிரைமரை அவ்வப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒளிரும் சோதனையும் பிசிஆரும் முரண்பட்டால், பிசிஆரை மட்டும் நம்பி ஒருவரிடம் "பயமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 4: வரிசைப்படுத்தல்

வைரஸ் தன் மரபணுக்களை என் தொடங்கி வரிசையாகப் படியெடுக்கிறது. போகப்போக அளவு குறைகிறது. அதனால் நோயுற்ற திசுவில் என் மரபணுவின் படிகள் அதிகமாகவும், எல் மரபணுவின் படிகள் குறைவாகவும் இருக்கும். என் துண்டு எளிதாகக் கிடைத்துவிட்டது என்பதற்காக எல் பகுதியும் அதேபோல வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழு மரபுத்தொகுதிக்கு, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிப்படியும் சிறு துண்டுகளாகப் பெருக்கி, நானோபோர் போன்ற கையடக்கக் கருவியில் படிக்கும் முறை இப்போது பரவலாகியிருக்கிறது.

ஒவ்வொரு சுற்றிலும் வெறும் நீர்க் கட்டுப்பாடு ஒன்று கட்டாயம். நேர்க் கட்டுப்பாட்டுக்கு (வைரஸ் உண்டு என்று கட்டாயம் காட்ட வேண்டிய மாதிரி) பெரும்பாலான ஆய்வகங்கள் வைத்திருப்பது சி.வி.எஸ் வைரஸ். உங்கள் தெருநாயின் வரிசை சி.வி.எஸ்ஸோடு அச்சு அசலாகப் பொருந்தினால் மகிழ வேண்டாம். குழாயிலிருந்து குழாய்க்கு அது தெறித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

விலங்குக்குள் இருக்கும் சிறுபான்மை மாற்றங்களையும் பார்க்க விரும்பினால், அதே ஆர்.என்.ஏ-வை இரண்டு முறை தனித்தனியாகப் பெருக்கிப் படியுங்கள். இரண்டிலும் வரும் மாற்றத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெருக்கும் நொதியும் பிழை செய்யும், படிக்கும் கருவியும் பிழை செய்யும்.

படி 5: வம்சாவளி வரைதல்

பொதுத் தரவகமான ஜென்பேங்கிலிருந்து ஒப்பீட்டு வரிசைகளை எடுத்து, மாஃப்ட் கொண்டு எழுத்துக்கு எழுத்து நேர்படுத்தி, ஐக்யூட்ரீ கொண்டு வம்சாவளி வரையலாம். காலக்கணக்கு வேண்டுமானால் பீஸ்ட். இந்த மென்பொருள்கள் எல்லாமே இலவசம்.

ஒப்பீட்டு வரிசைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. உலக அளவில் ரேபிஸ் பெருங்கிளைகள் சில உண்டு. ஐரோப்பியர்களின் குடியேற்றக் காலத்தில் நாய்களோடு உலகம் சுற்றிய காஸ்மோபாலிட்டன் கிளை, ஆர்க்டிக் சார்ந்த கிளை, தென்கிழக்கு ஆசியாவிலும் சீனத்திலும் உள்ள ஆசியக் கிளை, ஆப்பிரிக்காவுக்கே உரிய கிளைகள், இந்தியத் துணைக்கண்டக் கிளை, அமெரிக்கக் கண்டங்களின் வௌவால் கிளைகள். இந்தியாவில் பரவலாகக் கிடைப்பது ஆர்க்டிக் சார்ந்த வகை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் துணைக்கண்டக் கிளை இருக்கிறது. இலங்கை வைரஸ்கள் தமக்குள் தனிக் கொத்தாக நிற்கின்றன, நெருங்கிய உறவு தென்னிந்திய வைரஸ்களோடுதான். ஆகவே தமிழ்நாட்டு மாதிரி என்றால் இந்த இரண்டு கிளைகளிலிருந்தும் போதிய வரிசைகளைச் சேருங்கள்.

உங்கள் வரிசை எந்த ரேபிஸ் கிளையோடும் ஒட்டாமல் வெளியே நின்றால், அது ரேபிஸின் உறவு வைரஸாக இருக்கலாம். இலங்கையில் பழந்தின்னி வௌவால்களில் 2015-இல் கண்டெடுத்த கன்னொருவை வௌவால் லிஸ்ஸாவைரஸ் அப்படி ஒன்று.

காலக்கணக்கில் கவனம் தேவை. நாய் ரேபிஸ் கிளைகளின் பொது மூதாதை 500 முதல் 700 ஆண்டுகளுக்கு முந்தையது என்றே கணக்குகள் காட்டுகின்றன. ஆனால் ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய மெசப்பொட்டேமிய எஷ்நுன்னா சட்டத்தில், எச்சரித்த பிறகும் வெறிநாயைக் கட்டிவைக்காமல் விட்டு ஒருவர் சாகக் காரணமானால் உரிமையாளர் வெள்ளியில் தண்டம் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. பழைய கிளைகள் பல அழிந்து, புதியவை அவற்றின் இடத்தைப் பிடித்திருக்கலாம். மேலும், களைந்தெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் மாற்றங்களை வைத்து வெகு பின்னோக்கிப் போனால் காலம் சுருங்கியே தெரியும். சில பத்தாண்டுகளுக்குள் கேள்வி இருந்தால் இந்தக் கடிகாரத்தை நம்பலாம்.

படி 6: எழுத்து வேறுபாட்டை வைத்துக் கணக்குப் போடுதல்

தவறான முடிவுகள் அதிகம் பிறப்பது இங்கேதான். ஆண்டுக்கு 10,000 எழுத்தில் 2 மாற்றம் என்று வைத்தால், முழு மரபுத்தொகுதியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மாற்றம். ஒரு நாயிலிருந்து அடுத்த நாய்க்கு நோய் போக ஏறக்குறைய 25 நாள் என்று டான்சானியாவின் செரெங்கெட்டி பகுதியில் கடிகளைப் பின்தொடர்ந்து கண்டிருக்கிறார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 14 தலைமுறை. அதாவது ஐந்தாறு கடிக்கு ஒரு எழுத்துதான் மாறுகிறது.

இதன் பொருள் என்ன? கடித்த நாயின் வைரஸும் கடிபட்ட நாயின் வைரஸும் பெரும்பாலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கும். ஆகவே இரண்டு மாதிரிகள் ஒன்றாக இருக்கின்றன என்பதை வைத்து "இதுதான் அதைக் கடித்தது" என்று சொல்ல முடியாது. நடுவே இரண்டு மூன்று நாய்கள் இருந்திருக்கலாம். வேறுபாடு பெரிதாக இருக்கும்போதுதான் உறுதியாகப் பேசலாம். ஒரே மாதத்தில் அடுத்தடுத்த தெருவில் எடுத்த இரண்டு மாதிரிகளுக்கு நடுவே 20 எழுத்து வித்தியாசம் என்றால், இரண்டு கிளையும் தனித்தனியே மாறியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 2.4, சேர்த்து 4.8; 20-ஐ 4.8-ஆல் வகுத்தால் பொது மூதாதை சுமார் நான்கு ஆண்டுகளுக்கு முன்னால். அந்தத் தெருக்களில் இரண்டு சங்கிலிகள் ஓடுகின்றன. ஒன்று வெளியிலிருந்து வந்திருக்கலாம்.

செரெங்கெட்டியில் இப்படித்தான் ஒரே வட்டாரத்துக்குள் பல கிளைகள் அருகருகே ஓடியதைக் கண்டார்கள். 2008 இறுதியில் பாலித் தீவில் ரேபிஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, அங்கிருந்த வைரஸ்கள் எல்லாம் ஒரே நுழைவிலிருந்து கிளைத்தவை என்றும் இந்தோனேசியாவின் மற்றத் தீவுகளின் வைரஸோடு உறவுள்ளவை என்றும் வரிசைகள் காட்டின. அல்ஜீரியா, மொராக்கோ நாய் வைரஸ்களைப் படித்தபோது பரவல் சாலைகளை ஒட்டிப் போயிருந்தது. நாய் தானாக அவ்வளவு தூரம் நடப்பதில்லை, மனிதர்கள்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

படி 7: விலங்கு மாறிய வைரஸை அடையாளம் காண்பது

வெறிபிடித்த மாட்டிலிருந்து எடுத்த வைரஸ் நாய் வைரஸ்களோடு ஒரே கொத்தில் நின்றால், நாய் கடித்து வந்தது. மாட்டோடு அந்தச் சங்கிலி முடிந்துவிடும். வம்சாவளியில் மாடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாய்க் கிளைகளின் நுனியில்தான் இருக்கும். ஒரு புதிய விலங்கின் மாதிரிகள் மட்டுமே சேர்ந்து தனிக் கொத்தாக நின்றால்தான் கவலைப்பட வேண்டும். வைரஸ் அந்த விலங்குக்குள்ளேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவத் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபிளாக்ஸ்டாஃபில் 2001-இல் நடந்தது இதுதான். ஸ்கங்க் எனும் சிறு விலங்குகள் அடுத்தடுத்து வெறிபிடித்துச் செத்தன. அவற்றிடம் இருந்தது பெரும் பழுப்பு வௌவாலின் வைரஸ். கட்டுப்படுத்திய பிறகும் அது தலைகாட்டியது. 2009-க்குள் சாம்பல் நரிகளிலும் பரவியிருந்தது. வரிசைகளை ஒப்பிட்டபோது, ஒரே தாவல் அல்ல, வௌவாலிலிருந்து பல முறை தாவியிருக்கிறது என்று தெரிந்தது.

வௌவால்களுக்குள்ளேயே 23 இனங்களின் 372 வரிசைகளை வைத்து 2010-இல் வந்த ஆய்வு ஒன்று, உறவில் நெருங்கிய இனங்களுக்கு நடுவே வைரஸ் தாவுவது அதிகம் என்று காட்டியது. இன்னொரு ஆய்வில், வெப்பமண்டல வௌவால்களின் வைரஸ் குளிர்நாட்டு வௌவால்களின் வைரஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக மாறுவது தெரிந்தது. குளிர்காலத்தில் வௌவால் உறங்கும்போது வைரஸும் பெருகாமல் கிடக்கிறது. ஆக, படி 6-இல் நாம் போட்ட கணக்கு நாய்க்குத்தான். வேறு விலங்குக்கு அப்படியே எடுத்துப் பொருத்தாதீர்கள்.

படி 8: தடுப்பூசிக் கேள்விக்குப் பதில்

ஜி புரதத்தின் 333-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இருக்கும். அதை மாற்றிவிட்டால் வளர்ந்த எலியைக் கொல்லும் திறனை வைரஸ் இழக்கிறது. இதைப் பயன்படுத்தித்தான் நரிகளுக்கு இரையில் வைக்கும் எஸ்.ஏ.ஜி-2 தடுப்பூசியைச் செய்தார்கள். அதில் ஆர்ஜினைனுக்குப் பதிலாக குளுட்டமிக் அமிலம். அதற்கான மும்மைக் குறியீட்டை, ஆர்ஜினைனின் எந்தக் குறியீட்டிலிருந்தும் குறைந்தது இரண்டு எழுத்தாவது தள்ளி நிற்கும்படி தேர்ந்தெடுத்தார்கள். ஒரே பிழையில் வைரஸ் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. வைரஸின் பிழைவிகிதத்தை முன்கூட்டியே கணக்கில் கொண்டு எழுதிய தடுப்பூசி இது, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. 333-இல் கைவைக்காத பழைய எஸ்.ஏ.டி தடுப்பூசி வைரஸால் ஐரோப்பாவில் சில நரிகள் நோயுற்றதையும் வரிசைப்படுத்தித்தான் கண்டுபிடித்தார்கள்.

சரி, நமக்குப் போடும் ஊசி? அதில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். நோய் தராது. 1882-இல் பிரான்சில் ஒரு மாட்டிலிருந்து பாஸ்டர் எடுத்த வைரஸின் வழிவந்தவை இன்றும் தடுப்பூசிகளில் உள்ளன. அந்தத் தடுப்பூசிகள் இன்றைய தெருநாய் வைரஸையும் தடுக்கின்றன, ஏனென்றால் எதிர்ப்புப் புரதங்கள் பிடிக்கும் ஜி புரதத்தின் முக்கிய இடங்கள் பெரிதாக மாறவில்லை. மாற முடியாத அளவுக்கு அதற்கு நரம்புசெல்லிடம் வேலை இருக்கிறது. தடுப்பூசிக்கு எட்டாத உறவு வைரஸ்கள் உண்டு, ஆப்பிரிக்காவின் மொகோலா வைரஸ் போல. ஆனால் நம் தெருநாய் கடத்துவது அதை அல்ல.

ஊசி போட்டும் ஒருவர் இறந்தால் முதலில் கேட்க வேண்டியவை வேறு. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவினார்களா? எத்தனை நாள் கழித்து ஊசி போட்டார்கள்? தவணைகள் முடிந்தனவா? இம்யூனோகுளோபுலினை (தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதம்) காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்தினார்களா? கடி முகத்திலா, விரல்நுனியிலா? நரம்பு அடர்ந்த இடத்தில் ஆழமான கடி என்றால் மணி நேரங்களே முக்கியம். இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகு ஜி மரபணுவை வரிசைப்படுத்தி, எதிர்ப்புப் புரதங்கள் பிடிக்கும் இடங்களைத் தடுப்பூசி வைரஸோடு ஒப்பிடுங்கள். முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள். வதந்திக்கு எதிராக அதைவிட வலுவான பதில் இல்லை.

படி 9: அறிக்கை

வரிசையை ஜென்பேங்கில் ஏற்றும்போது ஆண்டு, மாவட்டம், விலங்கு மூன்றையும் சேர்த்து ஏற்றுங்கள். கடிபட்டவர்களின் அடையாளத்தைச் சேர்க்காதீர்கள். மாநகராட்சிக்கோ கால்நடைத் துறைக்கோ தரும் அறிக்கையில் மரபுக்கிளையின் பெயரைவிட, "இந்தப் பகுதியில் இரண்டு சங்கிலிகள் ஓடுகின்றன, ஒன்று பக்கத்து மாவட்டத்து வைரஸோடு நெருக்கம், அந்த எல்லை ஊர்களில் நாய்த் தடுப்பூசி 70 சதவீதத்தைத் தொட வேண்டும்" என்பது போல எழுதினால்தான் வண்டி கிளம்பும். மிச்ச மூளைத் திசுவை மைனஸ் 80 டிகிரியில் எண்ணிட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பக்கத்து ஊரில் ஒரு நாய்க்கு வெறி பிடித்தால், ஒப்பிட அது தேவைப்படும்.